வீடற்றோர் காப்பகத்துக்கு நிதி திரட்டும் பக்திக் குழுக்களுக்கு: மதுரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பஜனை மண்டலி, ஐயப்ப பக்தர் குழு, அன்பியம் (கத்தோலிக்கப் பங்கில் அக்கம்பக்கக் குடும்பங்களின் குழு), பெண்கள் ஐக்கிய சங்கம், ஜமாஅத் இளைஞர்கள் என்று யாராக இருந்தாலும், வீதியில் படுத்திருப்பவர்களுக்கான ஒரு காப்பகத்துக்குக் கை கொடுக்க முன்வரும்போது கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். அளவுகள் எல்லாம் 50 பேர் தங்கும் காப்பகத்தை மனதில் வைத்துச் சொன்னவை.

எங்கள் குழு அமாவாசைக்கு அன்னதானம் செய்கிறது. அது போதாதா?

அன்னதானம் பெரிய காரியம். ஆனால் காப்பகத்தின் பற்றாக்குறை பெரும்பாலும் சோற்றில் இல்லை. ஆடி அமாவாசை, தை அமாவாசை, மகாளய அமாவாசை, பிறந்தநாள், திருமண நாள், முதலாம் ஆண்டு நினைவு நாள் என்று வரும்போது ஒரே நாளில் மூன்று குடும்பங்கள் சாப்பாடு கொண்டுவந்து நிற்கும். மறுநாள் புதன்கிழமை யாரும் வரமாட்டார்கள். இரவுக் காவலாளி சம்பளம், மின்கட்டணம், கழிப்பறை அடைப்பு, படுக்கையிலேயே கிடக்கும் முதியவருக்கு டயப்பர் ஆகியவற்றுக்கு 'உபயம்' எழுத யாருக்கும் தோன்றுவதில்லை. காப்பகம் மூடப்படும் நிலை வந்தால் காரணம் அநேகமாகச் சம்பள பாக்கியாகத்தான் இருக்கும்.

எனவே எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான்: ஒரு நாள் விருந்துக்குப் பதிலாக, மாதாமாதம் வரும் சிறு தொகையைத் திரட்டுங்கள். சாப்பாடுதான் தருவோம் என்றால், காப்பக நாட்காட்டியைக் கேட்டு வாங்கி யாரும் பதியாத தேதியை எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் காப்பகத்துக்குக் கொடுப்பது? எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் காப்பகத் திட்டத்தில் 1 லட்சம் மக்களுக்கு ஒரு காப்பகம், ஒன்றில் குறைந்தது 50 பேருக்கு இடம், தலைக்கு 50 சதுர அடி என்று வகுத்திருந்தார்கள். 2011 கணக்கெடுப்பிலேயே மதுரை மாநகராட்சி 10 லட்சத்தைத் தாண்டிவிட்டது. தேவை எவ்வளவு என்பதற்கு அதுவே அளவு. இத்தகைய காப்பகங்களை மாநகராட்சி கட்டடம் கொடுத்து, தொண்டு நிறுவனம் நடத்துவது வழக்கம். தனியார் அறக்கட்டளைகள் சொந்தமாக நடத்துவதும் உண்டு.

போய்ப் பார்ப்பதானால் பகலில் போகாதீர்கள். இரவு எட்டரை மணிக்குப் போங்கள். அப்போதுதான் எத்தனை பேர் உண்மையில் தங்குகிறார்கள், பெண்களுக்குத் தனி வாசலும் தனிக் கழிப்பறையும் உண்டா, இரவுப் பணியாளர் இருக்கிறாரா என்பது தெரியும். வருகைப் பதிவேட்டைக் கேளுங்கள். அன்றைய தேதியில் எழுதியிருக்கும் எண்ணிக்கையும் பாயில் படுத்திருப்பவர்கள் எண்ணிக்கையும் ஏறக்குறைய ஒத்துவர வேண்டும். அறக்கட்டளைப் பதிவு, பான் எண், சென்ற ஆண்டின் தணிக்கை அறிக்கை, மாநகராட்சியுடன் ஒப்பந்தம் இருந்தால் அதன் நகல் ஆகியவற்றைக் கேட்பது அவமரியாதை ஆகாது. நன்றாக நடக்கும் இடத்தில் கேட்ட மாத்திரத்தில் எடுத்து வைப்பார்கள்.

எவ்வளவு திரட்ட வேண்டும் என்று எப்படிக் கணக்கிடுவது?

முதலில் பொருளில் கணக்குப் போடுங்கள், பிறகு ரூபாய்க்கு மாற்றுங்கள். விலை மாறும், அளவு அவ்வளவாக மாறாது.

முதியோர் பெரும்பான்மையாக உள்ள இடத்தில் மூன்று வேளைக்கும் சேர்த்துத் தலைக்கு நாளொன்றுக்கு 300 கிராம் அரிசி என்று வைத்தால், 50 பேருக்கு 15 கிலோ. மாதத்துக்கு 450 கிலோ, அதாவது 25 கிலோ சிப்பம் 18. பருப்பு நாளுக்கு 2 கிலோ, எண்ணெய் 1 லிட்டர், காலையும் மாலையும் டீக்குப் பால் 7 முதல் 8 லிட்டர். சமையலுக்கு வணிக சிலிண்டர்தான் வாங்க வேண்டும், 19 கிலோ அளவில் மாதம் நான்கைந்து ஓடும். மளிகைக்குக் கீழமாசி வீதி மொத்தக் கடைகள், காய்கறிக்கு மாட்டுத்தாவணி அல்லது பரவை மார்க்கெட், கைலிக்கும் நைட்டிக்கும் விளக்குத்தூண், பத்துத்தூண் பக்கம் என்று போய் ஒரு முறை விலை விசாரித்தால் உங்கள் பட்டியல் கற்பனையாக இருக்காது.

டயப்பரைத் தனியாகச் சொல்ல வேண்டும். எழுந்திருக்க முடியாத ஒருவருக்கு நாளுக்கு மூன்று வேண்டும். அப்படி ஆறு பேர் இருந்தால் மாதம் 540. பத்து உள்ள பாக்கெட்டில் 54 பாக்கெட். மூன்றை இரண்டாகக் குறைத்தால் ஈரத்தில் தோல் வெந்து படுக்கைப்புண் வரும். புண்ணுக்கு மருந்து, கட்டுத்துணி, ஆஸ்பத்திரி அலைச்சல் என்று செலவு பல மடங்காகும். ஒரு குழு இந்த ஒரு பொருளை மட்டும் ஆண்டு முழுக்க ஏற்றுக்கொண்டாலே அது பேருதவி.

இதன்மேல் சம்பளம், மின்சாரம், தண்ணீர் லாரி, பினாயில், பிளீச்சிங் பவுடர், ஆட்டோ செலவு ஆகியவற்றைச் சேர்த்து, அரசு உதவி ஏதும் வந்தால் அதைக் கழியுங்கள். மீதிதான் பற்றாக்குறை. அது மாதம் 60,000 ரூபாய் என்று வந்தால், 300 ரூபாய் தரும் 200 குடும்பங்கள் வேண்டும். இந்த ஒரு வரியைச் சொல்லிக் கேட்டால் ஜனங்களுக்குப் புரியும். "இயன்றதைத் தாருங்கள்" என்றால் பத்து ரூபாயும் வரும், பதில் வராமலும் போகும்.

மாதச் சந்தா ஆரம்பித்தால் மூன்று மாதத்தில் நின்றுவிடுகிறதே?

நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் மனமில்லாமை இல்லை, மறதி. ஒரு பொறுப்பாளருக்கு 20 குடும்பங்களுக்கு மேல் கொடுக்காதீர்கள். தெரிந்த முகம் கேட்க வேண்டும். அதே தெரு, அதே அன்பியம், அதே பள்ளிவாசல் மஹல்லா என்று பிரித்தால் எளிது. சம்பளம் வந்த கையோடு 3-ஆம் தேதி நினைவூட்டல், 5-ஆம் தேதி வசூல். 20-ஆம் தேதிக்கு மேல் கேட்டால் கையில் இருக்காது. முடிந்தவர்களை, மாதாமாதம் பணம் தானாகப் போகும்படி, வங்கியில் நிலையான உத்தரவோ யூபிஐ ஆட்டோபேயோ போடச் சொல்லுங்கள்.

கொடுத்தவருக்கு மாதம் ஒரு செய்தி போக வேண்டும். நீண்ட கடிதம் வேண்டாம். "சென்ற மாதம் வந்தது இவ்வளவு, டயப்பர் 54 பாக்கெட், இரவுக் காவலர் சம்பளம், மின்கட்டணம் கட்டியாயிற்று, கையிருப்பு இவ்வளவு" என்றால் போதும். வாட்ஸ்அப்பில் தினம் நாலு படம் அனுப்பினால் குழுவையே மியூட் செய்துவிடுவார்கள்.

ரசீது, உண்டியல், க்யூஆர் கோடு: எதில் தப்பு நடக்கிறது?

மூன்றிலும் நடக்கும்.

ரசீதுப் புத்தகம் வரிசை எண்ணோடு, அடிக்கட்டையோடு இருக்க வேண்டும். எந்த எண் புத்தகம் யாரிடம், எந்தத் தேதியில் போனது என்று ஓர் ஏடு வேண்டும். திரும்பாத புத்தகம்தான் பின்னால் பழிக்கு இடமாகும். வீடு வீடாகப் போகும்போது இரண்டு பேர், அடையாள அட்டை, காப்பகம் கொடுத்த அதிகாரக் கடிதம். பகுதி காவல் நிலையத்துக்கு முன்கூட்டி எழுத்தில் சொல்லிவிடுவது நல்லது. வசூலான பணத்திலேயே டீ, பெட்ரோல் செலவைக் கழித்துக்கொள்ளக் கூடாது. வந்தது முழுவதும் அடுத்த வங்கி வேலைநாளில் கணக்கில் கட்டப்பட வேண்டும். செலவு தனியாக வவுச்சரில் வர வேண்டும். இது ஒன்றைக் கடைப்பிடித்தால் பாதித் தகராறு இல்லை.

உண்டியலுக்கு இரண்டு பூட்டு, இரண்டு சாவி, இரண்டு பேரிடம். திறக்கும்போது மூன்று பேர் இருந்து, நோட்டு வாரியாக எண்ணி, தாளில் எழுதி மூவரும் கையெழுத்திட வேண்டும்.

க்யூஆர் கோடு அறக்கட்டளையின் வங்கிக் கணக்குக்கு உரியதாக மட்டும் இருக்கட்டும். பொருளாளரின் சொந்த ஜீபே எண்ணில் வாங்கினால், அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் பிறகு அந்தப் பணத்துக்கு அவர்தான் வருமான வரித் துறைக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். விழா இடத்தில் ஒட்டும் கோட்டின்மேல் வேறு கோட்டை ஒட்டிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. கூட்டம் சேருவதற்கு முன்பும் நடுவிலும் ஒரு ரூபாய் அனுப்பி, திரையில் வரும் பெயரைச் சரிபாருங்கள்.

கோயில் வாசலில் உண்டியல் வைக்கலாமா?

அறநிலையத் துறைக் கோயில் என்றால் செயல் அலுவலரின் எழுத்து அனுமதி இல்லாமல் வளாகத்தில் எந்த வசூலும் கூடாது. கோயில் உண்டியலில் விழுந்த காணிக்கை கோயிலுக்கு உரியது. அதிலிருந்து காப்பகத்துக்குக் கேட்க முடியாது. தனியார் மடம், பஜனை மண்டபம், குலதெய்வக் கோயில் என்றால் நிர்வாகக் குழுவின் தீர்மானம் போதும். அதையும் எழுத்தில் வாங்குங்கள்.

ஜகாத் பணத்தைக் காப்பகத்துக்குக் கொடுக்கலாமா?

ரமலானில் இந்தக் கேள்விதான் அதிகம் வரும். வசதியுள்ள முஸ்லிம்கள் கட்டாயமாகக் கொடுக்கும் தர்மமான ஜகாத் யாருக்கு உரியது என்பது குர்ஆனில் எட்டு வகையாக வரையறுக்கப்பட்டது. அதில் ஏழையும் உண்டு, வழிப்போக்கரும் உண்டு. ஆனால் பணம் தகுதியுள்ளவரின் கைக்கு உடைமையாகப் போய்ச் சேர வேண்டும் என்பது பெரும்பாலான ஆலிம்களின் (மார்க்க அறிஞர்களின்) நிலைப்பாடு. கட்டடம், ஊழியர் சம்பளம், மின்கட்டணம் அதில் சேராது. பெறுபவர் முஸ்லிமாக இருக்க வேண்டும் என்பதும் பெரும்பான்மைக் கருத்து. எல்லாச் சமயத்தாரும் தங்கும் காப்பகத்தில் பொதுச் சமையலுக்கு அதைக் கலந்துவிட்டால் கொடுத்தவருக்கு மனக்குறை வரும்.

ஆகவே இரண்டு கணக்கு வையுங்கள். ஜகாத் என்று எழுதித் தருவதைத் தகுதியுள்ளவருக்கு நேரடியாக மருந்தாகவோ, உடையாகவோ, ஊருக்குத் திரும்பும் பயணச் செலவாகவோ கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். விரும்பித் தரும் தானமான சதகாவுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. காப்பகத்தின் பொதுச் செலவுக்கு அதுதான் பொருத்தம். மார்க்கம் விலக்கிய வங்கி வட்டியை, நன்மையை எதிர்பாராமல் கைகழுவ நினைப்பவர்கள், கழிப்பறை கட்ட அதைத் தருவதும் உண்டு. எதுவானாலும் உங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டு, சொன்னதைக் குறித்துவைத்த பிறகே வசூல் அறிவிப்பு போடுங்கள்.

தவக்காலத்திலும் கிறிஸ்துமஸிலும் திரட்டுவதை எப்படி ஒழுங்குபடுத்துவது?

சாம்பல் புதனன்று வீட்டுக்கு ஓர் அட்டை உண்டியல் கொடுத்துக் குருத்தோலை ஞாயிறன்று திரும்ப வாங்குவது பல பங்குகளில் பழகிய முறை. தவறு நடப்பது திரும்ப வாங்குவதில். பெட்டிக்கு எண் போட்டு, குடும்பப் பெயரோடு பதிந்து, வராத பெட்டிகளை அன்பியப் பொறுப்பாளர் புனித வாரத்திலேயே போய் வாங்கிவிட வேண்டும். ஈஸ்டர் தாண்டினால் வராது.

கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடி வீடு வீடாகக் கேரல் ரவுண்ட்ஸ் போகும்போது காணிக்கையில் எவ்வளவு காப்பகத்துக்கு என்பதை முதல் வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். ஒலிபெருக்கி இரவு 10 மணிக்கு மேல் கூடாது. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் வாழைத்தார், சேவல், பூசணி ஏலம் போகும்போது ஒரு பொருளைக் "காப்பகத்துக்கு" என்று அறிவித்துவிட்டால், அது வழக்கமான விலையைத் தாண்டியே போகும்.

குலுக்கல் சீட்டு விற்றுப் பணம் திரட்டலாமா?

வேண்டாம். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. நல்ல காரியத்துக்கு என்பதால் சட்டம் கண்ணை மூடிக்கொள்ளாது. உணவுத் திருவிழா, பழைய புத்தக விற்பனை, கோலப்போட்டிக்கு நுழைவுக் கட்டணம் என்று மாற்று வழிகள் இருக்கின்றன.

கொடுப்பவருக்கு வரிச்சலுகை கிடைக்குமா?

காப்பகம் நடத்தும் அறக்கட்டளைக்கு வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவில் அனுமதி இருந்தால் கிடைக்கும், சில நிபந்தனைகளோடு. பழைய வரிமுறையில் இருப்பவருக்கு மட்டும்தான். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கழிவு இல்லை. அரிசி, போர்வை போன்ற பொருளுக்கும் இல்லை. கொடுத்தவரின் பெயர், முகவரி, பான் எண், தொகை விவரத்தை அறக்கட்டளை 10பிடி படிவத்தில் மே 31-க்குள் தாக்கல் செய்து, 10பிஇ சான்றிதழ் தர வேண்டும். பணம் வாங்கும்போதே பான் எண்ணை வாங்காமல் மே மாதத்தில் தேடி அலைவதுதான் ஆண்டுதோறும் நடக்கும் கஷ்டம்.

இந்தப் பிரிவு, படிவ எண்களெல்லாம் 1961 சட்டத்தின்படி. 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 1.4.2026 முதல் நடைமுறை என்பதால் எண்கள் மாறுகின்றன. ரசீதுப் புத்தகம் அச்சடிக்குமுன் ஆடிட்டரிடம் காட்டிவிடுங்கள்.

கவனிக்க வேண்டிய இன்னொன்று: ஒரு குறிப்பிட்ட சமயத்தாருக்காக மட்டும் அமைந்த அறக்கட்டளைக்கு 80ஜி பொருந்தாது. சபைக் கணக்கிலோ ஜமாஅத் கணக்கிலோ வாங்கிவிட்டுக் காப்பகத்துக்கு மாற்றுவதைவிட, நேரே காப்பகக் கணக்கில் கட்டச் சொல்வது எல்லோருக்கும் நல்லது.

சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கும் சொந்தக்காரர்கள் அனுப்பலாமா?

பாஸ்போர்ட்டைக் கேளுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் எங்கே வேலை செய்தாலும், தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர், மலேசியக் குடியுரிமை பெற்றவர் என்றால், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி (எஃப்சிஆர்ஏ) பதிவோ முன் அனுமதியோ உள்ள அமைப்பு மட்டுமே, அதுவும் புதுடெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் தொடங்கிய கணக்கில் மட்டுமே, வாங்க முடியும். "எங்கள் சபைக்குப் பதிவு இருக்கிறது, நாங்கள் வாங்கித் தருகிறோம்" என்று உதவ நினைப்பவர்கள் உண்டு. 2020 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, அப்படி வாங்கிய பணத்தை வேறு அமைப்புக்கு மாற்றுவதே குற்றம்.

சமைத்துக் கொண்டுவருகிறோம். எந்த அளவில், எப்படி?

கல்யாணச் சமையல் அளவு போட்டால் பாதி மிஞ்சும். 50 முதியவர்களுக்கு மதியச் சாப்பாட்டுக்கு 6 முதல் 6½ கிலோ அரிசி, சாம்பாருக்குப் பருப்பு 2 கிலோ, காய் மொத்தம் 7 கிலோ, மோருக்குத் தயிர் 3 லிட்டர் தாராளம். சோறு குழைய வேகட்டும், காரம் பாதி. பல் இல்லாதவர்களுக்கு முறுக்கும் அப்பளமும் வெறும் காட்சிப்பொருள்.

நேரம்தான் முக்கியம். பலருக்குச் சர்க்கரை வியாதி. மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டபின் சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை திடீரென்று இறங்கி வியர்த்து மயங்கிவிடுவார்கள். பிதுர் பூஜை முடிந்து, காக்கைக்கு வைத்து, குடும்பம் வந்து சேர்ந்து, ஒன்றரை மணிக்குப் பரிமாறும் நிலை வரக் கூடாது. பூஜையை முன்னதாக முடித்துப் பன்னிரண்டரைக்கு இலை போடுங்கள். தாமதமானால் உடனே காப்பகத்துக்குப் போன் செய்யுங்கள், மாத்திரையைத் தள்ளி வைப்பார்கள். பாயசமும் கேசரியும் குறைவாக, சர்க்கரை உள்ளவர்களுக்குப் பழமாக.

சித்திரை வெயிலில் காலை ஆறு மணிக்குக் கட்டிய பொட்டலம் மதியம் ஒரு மணிக்குத் தாங்காது. சூடாகக் கவரில் கட்டினால் உள்ளே வியர்த்துச் சீக்கிரம் ஊசிப்போகும். தேங்காய்ச் சட்னியும் உருளைக்கிழங்கும் முதலில் போகும். பாத்திரத்தில் சூடு ஆறாமல் கொண்டுவந்து அங்கேயே பரிமாறுவதே நல்லது. அழகர் ஆற்றில் இறங்கும் நாட்களில் வெளியில் அன்னதானம், நீர்மோர் கொடுப்பவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். அந்த நாட்களில் மிஞ்சிய உணவைக் காப்பகத்தில் கொண்டுவந்து இறக்கும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

போர்வை, பழைய துணி கொடுக்கலாமா?

மார்கழியில் போர்வை குவிகிறது. மதுரைக்கு வேண்டியது பாய், பெட்ஷீட், கைலி, நைட்டி, புது உள்ளாடை, செருப்பு, கொசுவலை. பழைய துணி என்றால் துவைத்து, பட்டன் பார்த்து, ஆண் பெண் பிரித்துத் தாருங்கள். கிழிந்ததை வாங்கினால் அப்புறப்படுத்துவது காப்பகத்துக்குத்தான் வேலை.

மருத்துவ முகாம் நடத்த நினைக்கிறோம்.

முகாமைவிடச் சொறி சிரங்கை ஒழிக்க ஒரு சுற்று முழுமையாகச் செய்தால் பலன் அதிகம். மருத்துவர் ஆலோசனைப்படி 5 சதவீத பெர்மெத்ரின் கிரீமைக் கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, விரலிடுக்கு, நக ஓரம் விடாமல் இரவில் பூசி, 8 முதல் 14 மணி நேரம் கழித்துக் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடி. ஆளுக்கு ஒரு தடவைக்கு 30 கிராம் டியூப் ஒன்று. 50 பேருக்கு 100 டியூப். அரிப்பு உள்ளவருக்கு மட்டும் பூசினால் மீண்டும் வரும், ஏனென்றால் அறிகுறி தெரியாதவரிடமும் பூச்சி இருக்கும். ஊழியர் உட்பட எல்லோருக்கும் ஒரே இரவில் பூசி, பாய், துணி முழுவதையும் வெந்நீரில் அலசி வெயிலில் போட வேண்டும். அன்று துணி துவைக்கப் பத்துத் தொண்டர்கள் வந்தால், அதுவே பெரிய நிதியுதவிக்குச் சமம்.

பிரார்த்தனை செய்யலாமா? படம் எடுக்கலாமா?

சாப்பாட்டுக்கு முன் நிபந்தனையாகப் பாட்டோ ஜெபமோ கூடாது. விரும்பி வருபவர்களோடு தனி அறையில், சாப்பாட்டுக்குப் பிறகு, தடையில்லை. தட்டை ஏந்த வைத்து, பேனர் பிடித்துப் படம் எடுக்காதீர்கள். குடும்பத்துக்குத் தெரியாமல் வந்து தங்கியிருப்பவர் உண்டு. அடித்த கணவரிடமிருந்து தப்பி வந்த பெண்ணும் உண்டு. ஒரு படம் அவர் இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். அரிசிச் சிப்பத்தைப் படம் எடுங்கள், அது போதும்.

நிதி கேட்பது பிச்சை எடுப்பதுபோல் கூச்சமாக இருக்கிறது என்கிறார்கள் எங்கள் இளைஞர்கள்.

மதுரை வீதிகளில் ஓடேந்தி வாங்கி வந்து, கண்ணில்லாதவரையும் காது கேளாதவரையும் காலில்லாதவரையும் கூப்பிட்டு உண்ணவைத்து, மிச்சத்தைத் தின்று, அந்த ஓட்டையே தலைக்கு வைத்துப் படுத்த, மணிமேகலைக் காப்பியத்தில் வரும் ஆபுத்திரனின் கதை இந்த ஊருக்கு உரியது. நமக்காகக் கேட்டால்தான் கூச்சம். முதல் தடவை அனுபவமுள்ள ஒருவரோடு அனுப்புங்கள், இரண்டாவது வீட்டில் கூச்சம் போய்விடும்.

ஜங்ஷன் வாசலிலோ பெரிய ஆஸ்பத்திரி அருகிலோ யாரையாவது பார்த்தால் காப்பகத்துக்கு அழைத்து வந்துவிடலாமா?

வற்புறுத்தி வண்டியில் ஏற்றாதீர்கள். பெரிய ஆஸ்பத்திரி வாசலில் படுத்திருப்பவர் ராமநாதபுரத்திலிருந்தோ தேனியிலிருந்தோ வந்து, உள்ளே நோயாளியை வைத்திருக்கும் உறவினராக இருக்கலாம். முதலில் பேசுங்கள். காயமோ மயக்கமோ என்றால் 108. முதியவர் என்றால் 14567. குழந்தை தனியாக இருந்தால் 1098. குழந்தையைப் பற்றி 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்வது சட்டப்படி கட்டாயம். மனநலம் குன்றி அலைபவரைப் பாதுகாப்பில் எடுத்து அரசு மருத்துவமனையில் சேர்ப்பது 2017 மனநலச் சட்டப்படி காவல் துறையின் கடமை. நிலையத்தில் அந்தச் சட்டத்தின் 100-ஆவது பிரிவைச் சொல்லிக் கேளுங்கள்.

ஆண்டு முடிவில் பணம் மிஞ்சினால்?

எதற்காகக் கேட்டு வாங்கினீர்களோ அதற்கே போக வேண்டும். டயப்பருக்கு வாங்கியதில் டிவி வாங்கக் கூடாது. நோக்கத்தை மாற்ற வேண்டுமென்றால் கொடுத்தவர்களிடம் சொல்லிச் சம்மதம் பெறுங்கள். மூன்று மாதச் சம்பளத்துக்குப் போதிய கையிருப்பு சேரும்வரை மிச்சம் இருப்பது நல்லதுதான். மார்ச் 31-க்கு ரொக்கம், வங்கி இருப்பு, திரும்பாத ரசீதுப் புத்தகங்கள் மூன்றையும் ஒப்பிட்டு, ஏப்ரல் முதல் வாரத்தில் ஏடுகளைக் காப்பகத்தின் கணக்காளரிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். புதிய ரசீதுப் புத்தகங்களை அதற்குப் பிறகே வெளியே கொடுங்கள்.